கண்டதும் கேட்டதும்: பயண ஓவியர் வில்லியம் சிம்சனின் வாழ்வும் பணியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்தியாவைப் பற்றி எழுதுவோர், அக்காலத்தே இங்கு வந்து சென்ற ஆங்கில ஓவியர்களின் படங்களைத் தம் நூல்களில் சேர்ப்பது பெருவழக்கு. ஒரு கல்வெட்டைச் சான்றாகக் காட்டும்போது அதன் காலம் என்ன, வெட்டுவித்தவர் யார், இருக்கும் இடம் எது என்றெல்லாம் கேட்கும் நாம், ஓவியத்திடம் அக்கேள்விகளைக் கேட்பதில்லை. கண்ணால் கண்டவர் வரைந்தது என்ற எண்ணமே போதுமானதாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் வரைந்தவர் உண்மையிலேயே கண்டாரா? கண்டதை வரைந்தாரா, கேட்டதை வரைந்தாரா? அவர் வரைந்ததுதான் அச்சேறிற்றா? இவ்வினாக்களுக்கு ஓரளவு தெளிவான விடை கிடைக்கும் ஓவியர் மிகச் சிலர். அவருள் ஒருவர் வில்லியம் சிம்சன் (1823–1899). கிரிமியப் போர் முதல் ஆப்கானிய எல்லை ஆணையம் வரை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உலகெங்கும் சுற்றி வரைந்த இவர், தம் படங்கள் உருவான விதத்தைத் தாமே எழுதி வைத்தவர். அவருடைய வாழ்வையும் பணியையும், சிறப்பாக இந்தியப் படங்களின் வரலாற்றையும், இந்நோக்கில் ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இளமையும் கல்லச்சுப் பயிற்சியும்

சிம்சன் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். முறையான பள்ளிக் கல்வி அவருக்கு மிகக் குறைவாகவே வாய்த்தது. சிறு வயதிலேயே கல்லச்சுக்கூடம் ஒன்றில் தொழில் பழகச் சேர்ந்தார். பகலில் வேலை, மாலையில் தொழிலாளர்க்கான வகுப்புகள் என அவர் கல்வி அமைந்தது. 1851இல் இலண்டன் சென்று, அந்நாளில் கல்லச்சில் பெயர் பெற்றிருந்த டே அண்ட் சன் நிறுவனத்தில் பணியேற்றார்.

கல்லச்சு என்பதைச் சற்று விளக்க வேண்டும். சிம்சனின் பிற்கால வாழ்வின் ஏற்றமும் இறக்கமும் அத்தொழிலையே சார்ந்திருந்தன. வழவழப்பாக்கப்பட்ட சுண்ணாம்புக் கல்லின்மீது எண்ணெய்ப் பசையுள்ள கோலால் படம் வரைவர். பின் கல்லை நீரால் நனைத்து மையுருளையை ஓட்டினால், ஈரமுள்ள இடத்தில் மை ஒட்டாது. பசையுள்ள கோட்டில் மட்டும் ஒட்டும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் தாளில் இறங்கும். பல வண்ணம் வேண்டுமாயின் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல் வேண்டும். எல்லாக் கற்களும் மயிரிழை பிசகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். எனவே வண்ணப்பட நூல் ஒன்றை வெளியிடுவது பெரும்பணம் விழுங்கும் வேலை. ஓவியர் தாம் கண்டதைத் தாளில் வரைய, அதைக் கல்லில் எடுத்தெழுதுவோர் வேறு சிலர். சிம்சன் இவ்விரு பணிகளையும் அறிந்தவர். ஓவியம் கல்லுக்குப் போகும்போது எது நழுவும் என்பது அவருக்குக் கைப்பழக்கமாகத் தெரியும்.

கிரிமியாவில் கற்ற பாடம்

1854இல் பிரித்தானியா கிரிமியப் போரில் இறங்கிற்று. போர்க்களக் காட்சிகளுக்கு இலண்டனில் பெரும் தேவை இருந்தது. புகைப்படக் கருவி அப்போது வழக்கத்துக்கு வந்திருந்தாலும் அசையும் பொருளைப் பிடிக்க அதனால் இயலவில்லை. 1855இல் கிரிமியா சென்ற ரோஜர் ஃபென்ட்டனின் புகைப்படங்களில் கூடாரங்களும் வீரர்களும் உண்டு, போர் இல்லை. அந்த இடத்தை ஓவியரே நிரப்ப வேண்டியிருந்தது. கோல்னாகி என்னும் பதிப்பகத்தார் சிம்சனைக் களத்துக்கு அனுப்பினர். 1854 நவம்பர் நடுவில் அவர் பாலக்லாவா துறைமுகம் சேர்ந்தார்.

இத்தேதி கருதத்தக்கது. அப்போரில் ஆங்கிலேயர் மனத்தில் நிலைத்துவிட்ட நிகழ்ச்சி, ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் ரஷ்யப் பீரங்கிகளை நோக்கிப் பாய்ந்த இலகு குதிரைப்படைத் தாக்குதலாகும். அது நடந்தது அக்டோபர் 25ஆம் நாள். சிம்சன் வந்ததோ மூன்று வாரம் கழித்து. ஆயினும் அத்தாக்குதலைக் காட்டும் படங்களுள் மிகப் புகழ் பெற்றது சிம்சனுடையதே. பள்ளத்தாக்கு அவர் நேரில் பார்த்தது. தாக்குதல், உயிர் பிழைத்தவர்களிடம் கேட்டறிந்தது.

அப்படம் உருவான கதையைச் சிம்சனே சொல்கிறார். முதல் வரைவை எடுத்துக்கொண்டு, படையை நடத்திச் சென்ற கார்டிகன் பிரபுவிடம் காட்டினார். பிரபு அதை அலட்சியமாகப் பார்த்துத் தவறு என்றார். திருத்தி மீண்டும் காட்டினார். மீண்டும் தவறு என்றார். மூன்றாம் முறை காட்டியபோது பெரிதும் மகிழ்ந்து பாராட்டினார். மூன்றாவதில் செய்த மாற்றம் இதுதான்: படையின் முன்னால் கார்டிகன் பிரபுவின் உருவம் எவர் கண்ணுக்கும் தப்பாமல் தெரியும்படி வரையப்பட்டிருந்தது. 1855 மார்ச்சில் அச்சான அப்படத்தின் தலைப்பிலேயே கார்டிகனின் பெயரும் இடம் பெற்றது.

இதைச் சிம்சனின் குறையாக மட்டும் கொள்வது பொருந்தாது. கேட்டு வரைய வேண்டிய நிலையில், யாரைக் கேட்டோமோ அவர் படத்துக்குள் நுழைந்துவிடுகிறார் என்பதை அவர் தம் முப்பத்தோராம் வயதில் கண்டுகொண்டார். அதை நகைச்சுவையோடு பதிவு செய்யவும் தயங்கவில்லை. கிரிமியப் படங்கள் 81 கல்லச்சுத் தாள்களாக 1855–56இல் இரு தொகுதிகளாய் வெளிவந்தன. பனியில் வாடிய குதிரைகள், நோயாளிகளைச் சுமந்து செல்லும் வரிசை, அகழிகளில் வீரர் கழித்த நாட்கள் எனத் தாமே கண்டவற்றைக் காட்டும் தாள்களே அத்தொகுதியில் சிறந்தவை என்பது இக்கட்டுரையாளர் கருத்து. குதிரைப்படைத் தாக்குதலின் தாளில் ஒழுங்கு மிகுதி. நோயாளிகளின் தாளில் அந்த ஒழுங்கைக் காண முடியாது.

இந்தியப் பயணம் (1859–1862)

1857ஆம் ஆண்டு எழுச்சி அடக்கப்பட்ட பின் இந்தியாவைப் பற்றிய படங்களை வாங்க இங்கிலாந்தில் ஆர்வம் பெருகியிருந்தது. டேவிட் ராபர்ட்ஸ் புனித நாட்டைப் பற்றி வரைந்த படங்கள் 1840களில் கல்லச்சு நூலாக வந்து பெருவெற்றி கண்டிருந்தன. அதைப் போன்றதொரு பெருநூலை இந்தியாவுக்கும் வெளியிடத் திட்டமிட்ட டே அண்ட் சன் நிறுவனத்தார் சிம்சனை அனுப்பினர். 1859 அக்டோபர் இறுதியில் அவர் கல்கத்தா வந்திறங்கினார்.

அவர் வந்த நேரம் எத்தகையது என்பதை நோக்க வேண்டும். 1858 நவம்பரில் ஆட்சி கும்பினியிடமிருந்து விக்டோரியா அரசிக்குக் கைமாறியிருந்தது. வைசிராய் கேனிங் பிரபு வட இந்தியாவில் ஊர் ஊராகத் தர்பார் நடத்தி, எழுச்சியின்போது ஆங்கிலேயர் பக்கம் நின்ற சிற்றரசர்களுக்கு மரியாதை செய்துகொண்டிருந்தார். சிம்சன் அம்முகாமோடு இணைந்து பயணம் செய்தார். இலட்சுமணபுரி என்று பழையோர் குறித்த இலக்னோவும், கான்பூரும், டெல்லியும் அவர் பார்த்தபோது போரின் வடு ஆறாத நகரங்கள். டெல்லியில் செங்கோட்டைக்கு உள்ளும் புறமும் கட்டடங்கள் இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. ஜும்மா மசூதி அரசின் கையில் இருந்தது. தொழுகைக்கு அது திரும்பக் கிடைத்தது 1862இல்தான். வென்றவர் முகாமிலிருந்தே அவர் இவற்றைக் கண்டார் என்பதை மறக்கலாகாது. அவருக்குக் குதிரையும் கூடாரமும் காவலும் கொடுத்தது அம்முகாம். கான்பூரில் கொல்லப்பட்ட ஆங்கிலேயரின் நினைவிடம் அம்முகாமில் இருந்த அனைவருக்கும் யாத்திரைத் தலம். பழிவாங்கலில் தூக்கிலிடப்பட்ட இந்தியருக்கு அத்தகைய நினைவிடம் எதுவும் இல்லை. ஆகவே ஓவியத்திலும் இல்லை.

எனினும் முகாமின் பார்வையோடு சிம்சன் நின்றுவிடவில்லை. இமயத்தின் மலைப்பாதைகளிலும், நடுவிந்தியாவிலும், இராசபுதனத்திலும் அவர் நெடும்பயணம் செய்தார். சாஞ்சித் தோரண வாயில், கார்லே குடைவரை, அமிர்தசரசுப் பொற்கோயில் முதலியவற்றைத் தூண் தூணாக, வளைவு வளைவாக நோக்கினார். காஷ்மீரச் சால்வை நெய்வோர், சிம்லாவின் மரச்செதுக்குக் கலைஞர் போன்ற கைவினைஞரைத் தொழில் செய்யும் நிலையிலேயே வரைந்தார். தாமும் கைத்தொழில் பழகி உயர்ந்தவர் ஆதலால், கருவியைப் பிடிக்கும் கையின் நிலையில் அவர் கண் தங்கியது போலும். அரசர்களின் தர்பாரை வரைந்த பிற ஐரோப்பிய ஓவியர் பலரிடம் இது அரிது.

ஓவியத்தைவிடப் புகைப்படம் நம்பகமானது என்று இங்கு ஒருவர் தடை எழுப்பலாம். ஃபெலிஸ் பியட்டோ 1858இல் இலக்னோவின் சிக்கந்தர் பாக்கில் எடுத்த புகைப்படத்தை எடுத்துக்கொள்வோம். இடிந்த மாளிகையின் முன் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. அங்கே சண்டை நடந்ததோ முந்தைய நவம்பரில். மாதங்கள் கழிந்தபின் எடுத்த அப்படத்துக்காக எலும்புகள் அங்கே பரப்பி வைக்கப்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. எனவே கருவி எதுவாயினும், எப்போது, யாருக்காக என்ற கேள்விகள் நீங்குவதில்லை.

250 ஓவியங்களும் 50 தாள்களும்

1862இல் இலண்டன் திரும்பிய சிம்சன், வரைவேடுகளில் இருந்தவற்றை நீர்வண்ண ஓவியங்களாக முழுமையாக்கத் தொடங்கினார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் இப்பணியில் கழிந்தன. 250 ஓவியங்கள் உருவாயின. ஆய்வாளர் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். சிம்சனின் இந்திய ஓவியம் ஒன்றில் 1864 என்ற ஆண்டு காணப்பட்டால், அது இலண்டன் அறையில் முடிக்கப்பெற்ற ஆண்டு. இந்தியாவில் கண்ட ஆண்டன்று. இடையே நினைவும், வாங்குவோர் விருப்பமும், ஓவிய மரபும் வந்து கலந்திருக்கும். வரைவேட்டில் உள்ள பென்சில் கோட்டையும், முடிந்த ஓவியத்தையும், அச்சுத் தாளையும் மூன்று தனிச் சான்றுகளாகக் கொள்வதே முறை. ஒரே பாடலின் ஏட்டுச்சுவடியையும் பதிப்பையும் வேறாகக் கொண்டு பாடவேறுபாடு காண்பது நமக்குப் புதிதன்று.

ஓவியங்கள் முடிந்த வேளையில் டே அண்ட் சன் நிறுவனம் கடனில் மூழ்கியிருந்தது. சிம்சனுக்குச் சேர வேண்டிய தொகை முழுதும் கைக்கு வரவில்லை. 1867இல் நிறுவனம் கலைக்கப்பட்டபோது அவ்வோவியங்கள் கடனைத் தீர்க்க விற்கப்படும் சரக்கோடு சரக்காக விலைபோயின. தரையிலும் மலையிலும் அலைந்த ஆண்டுகளும், மேசை முன் கழிந்த ஆண்டுகளும் சேர்ந்து ஏழாண்டு உழைப்பு அது. தம் வாழ்வின் பேரிழப்பாக அவர் அதைக் குறிப்பிடுகிறார்.

நூல் வெளிவராமலும் இல்லை. 'இந்தியா: பண்டைக்காலமும் இக்காலமும்' என்று பொருள்படும் தலைப்பில் 1867இல் அது வந்தது. ஆனால் திட்டமிட்ட 250இல் 50 மட்டுமே வண்ணக் கல்லச்சாயின. அவற்றுக்கான உரையைச் சிம்சன் எழுதவில்லை. 1857 எழுச்சியின் வரலாற்றை ஆங்கில அரசின் நோக்கில் விரிவாக எழுதிக்கொண்டிருந்தவரும், இந்திய அலுவலகத்தின் உயர் அதிகாரியுமான ஜான் வில்லியம் கே எழுதினார். ஆக, அந்நூலைப் புரட்டும் வாசகர் காண்பது சிம்சனின் கண். கேட்பது கேயின் குரல். இன்று அந்த 50 தாள்களே பல நூல்களில் மீள அச்சாகின்றன. எந்த 50 என்பதை ஓவியர் தம் விருப்பப்படி முடிவு செய்யும் நிலையில் இல்லை என்பதை அந்நூல்கள் சொல்வதில்லை. சிதறிய ஓவியங்களில் கணிசமானவை பின்னர் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் முதலிய இடங்களைச் சேர்ந்தன. மற்றவை தனியார் கைகளிலும் ஏலக் கூடங்களிலும் அவ்வப்போது தலைகாட்டுகின்றன.

செய்தித்தாள் ஓவியர்

இழப்பின் விளிம்பில் இருந்தவருக்குக் கைகொடுத்தது 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' என்னும் வார இதழ். 1866இல் ரஷ்ய இளவரசரின் திருமணத்தை வரையச் சென்றது முதல் அவ்விதழின் ஓவியராக அவர் உலகைச் சுற்றினார். 1868இல் அபிசீனியா, 1869இல் சூயசுக் கால்வாய்த் திறப்பும், எருசலேமில் சார்லஸ் வாரன் தோண்டிய நிலத்தடி அகழ்வுகளும், 1870இல் பிரெஞ்சு – பிரஷ்யப் போர், 1871இல் பாரிஸ் கம்யூன், 1872இல் பீக்கிங்கில் சீனப் பேரரசரின் திருமணம், 1873இல் கலிபோர்னியாவில் மோடோக் பழங்குடியினர் மீதான போர். உலகைச் சுற்றிய அப்பயணத்தை அவர் 1874இல் நூலாக எழுதினார். 1875–76இல் வேல்ஸ் இளவரசரின் இந்தியப் பயணத்தின்போது மீண்டும் இங்கு வந்தார்.

இதழில் படம் வெளியாகும் முறை கல்லச்சினும் வேறுபட்டது. ஓவியர் அஞ்சலில் அனுப்பும் வரைவை இலண்டனில் மரக்கட்டை மேல் மாற்றி எழுதுவர். பெரிய படமாயின் பல சிறு கட்டைகளைத் திருகாணியால் இணைத்து அதன்மேல் வரைவர். பின் பிரித்து ஆளுக்கொரு கட்டையாகச் செதுக்கி மீண்டும் இணைப்பர். ஒரே படத்தின் வானம் ஒருவர் கை, கூட்டம் மற்றொருவர் கை. களத்தில் விரைவாகத் தீட்டிய குறிப்பு எத்தனை கைகளைக் கடந்து வாசகரிடம் வந்தது என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

களத்தில் வரைவதே ஆபத்தாக இருந்த நேரமும் உண்டு. 1870இல் பிரான்சில் எங்கும் உளவாளி அச்சம். கையில் பென்சிலும் ஏடும் உள்ளவர் பிடிபடுவது உறுதி. சிம்சன் சிகரெட்டுச் சுற்றும் மெல்லிய தாள்க் கட்டு ஒன்றை வாங்கி அதில் வரைந்தார். பிடிபட்டால் ஒரு தாளில் புகையிலை சுற்றிப் புகைத்துவிடலாம். அதற்கும் நேரமில்லையாயின் விழுங்கிவிடலாம். உள்ளங்கை அகலமும் இல்லாத அத்தாள்களிலிருந்தே இதழுக்கான படங்கள் பிறந்தன.

அகழாய்வில் ஓவியர்

சிம்சனின் பணியில் நம் கவனத்தைப் பெறாத பகுதி அவருடைய தொல்லியல் ஆர்வம். 1877இல் மைசீனைக்கும் டிராய்க்கும் சென்ற அவர், ஷ்லீமன் 'பிரியம் அரசனின் அரண்மனை' என்று கூறிய சுவர்களைப் பார்த்துவிட்டு அவை அரண்மனைக்குரியன அல்ல என்று வெளிப்படையாக எழுதினார். பெரும்பெயர் பெற்ற ஆய்வாளரை ஓர் இதழின் ஓவியர் மறுப்பது அக்காலத்தில் எளிதன்று. சுவரின் கட்டுமானத்தை வரைந்து வரைந்து பழகிய கண்ணே அவருக்குத் துணிவு தந்திருக்க வேண்டும்.

1878இல் இரண்டாம் ஆப்கானியப் போரை வரைய அவர் மீண்டும் வந்தார். படை ஜலாலாபாத்தில் தங்கியிருந்த 1879ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அருகிலிருந்த ஆகின் போஷ் என்னும் பௌத்தத் தூபியை அகழ்ந்தார். நடுவிலிருந்த சிற்றறையில் பொன்னால் ஆன நினைவுப் பேழை ஒன்றும் இருபது பொற்காசுகளும் கிடைத்தன. கட்பிசஸ், கனிஷ்கர், ஹுவிஷ்கர் ஆகிய குஷாண மன்னர்களின் காசுகளோடு டொமீஷியன், டிராஜன் ஆகிய ரோமப் பேரரசர்களின் காசுகளும் அரசி சபீனாவின் காசும் அவற்றில் இருந்தன. கரூர், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் கிடைத்த ரோமக் காசுகளைக் கொண்டு தமிழக வணிகத்தை ஆராய்வோர்க்கு, அதே நூற்றாண்டுகளில் கைபர் கணவாய்க்கு அப்பாலும் ரோமப் பொன் புழங்கியதைக் காட்டும் இச்சான்று பயனுடையது. குஷாணர் காலக் கணிப்பிலும் இக்காசுகள் சான்றாகக் கொள்ளப்பட்டன. தூபியின் அமைப்பையும் தளத்தையும் வரைந்து, அப்பகுதிப் பௌத்தக் கட்டடக்கலை குறித்து இலண்டன் கட்டடக் கலைஞர் கழகத்தில் அவர் கட்டுரை படித்தார். போர் நடுவே, படையின் நிழலில், அந்நாட்டு மக்களின் ஒப்புதலைப் பற்றிய எண்ணமின்றி நடந்த அகழ்வு அது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. பேழை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது.

இங்கே சிம்சன் கேட்டு வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. முன் வந்து நிற்க எந்தப் பிரபுவும் இல்லை. அளந்தார், வரைந்தார். அவர் வரைவுகளுள் ஐயத்துக்கு மிகக் குறைந்த இடம் தருவன இவையே எனலாம்.

1884–85இல் ஆப்கானிய எல்லை ஆணையத்தோடு சென்றது அவருடைய கடைசிப் பெரும்பயணம். பிறகு எழுத்தில் ஈடுபட்டார். திபெத்தியர் சுழற்றும் வேண்டுதல் உருளையைப் பற்றிய அவர் நூல் 1896இல் வந்தது. முதன்முதலாக இமயப் பயணத்தில் கண்ட ஒரு சிறு பொருளை முப்பது ஆண்டுகளுக்கு மேல் மனத்தில் வைத்திருந்து நூலாக்கினார். 1899 ஆகஸ்டு 17ஆம் நாள் இலண்டனில் காலமானார்.

அவருடைய தன்வரலாறு ஜார்ஜ் அயர்-டாட் பதிப்பாசிரியராக இருந்து 1903இல் வெளியிடப்பட்டது. கார்டிகன் பிரபு மூன்றாம் வரைவைப் பாராட்டிய கதை இடம் பெற்றிருப்பது அந்நூலில்தான். பிரபு இறந்து அப்போது முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. 1855இல் அச்சான அந்தத் தாளோ நூல்களிலும் அருங்காட்சியகச் சுவர்களிலும் இன்றும் வழங்கி வருகிறது. பிரபு முன்னால் நிற்கிறார்.